மாடிப்படிக்குக் கீழே ஜெனரேட்டர் வேண்டாம்

நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட 17 வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை மூன்று தடவை படித்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் 25 கே.வி.ஏ. திறன் உள்ள டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்குகிறோம், வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்கிறோம், யாருடைய கார் நிறுத்தும் இடமும் போய்விடாமல் இருக்க அதை மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடக்கிற இடத்தில் வைக்கிறோம் என்று போட்டிருக்கிறது. தாராளமாக வாங்குங்கள். என் பங்கை நாளைக்கே தருகிறேன், ரசீதுகூட மெதுவாகக் கொடுத்தால் போதும். அந்தக் கடைசி வரி மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. வாட்ஸாப் குழுவில் எழுதினால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், கூட்டத்தில் எழுந்து பேசினால் பராமரிப்புக் கட்டண பாக்கியில் போய் முடியும். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதியே விடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கத்தில், 5ஆம் தேதி. ஆனால் அதற்கு முன்னால் சென்னைக்கு நேரே கடலில் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே அது கொட்டிய கொட்டில் நம் மடிப்பாக்கமும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் ஒரே ஏரியாகிவிட்டன. 4ஆம் தேதி காலையில் கரண்ட் போனது. போனது என்பதைவிட நிறுத்தினார்கள் என்பதுதான் சரி. அன்றைக்கு இ.பி.காரர்களைத் திட்டாதவர் நம்மில் ஒருவர்கூடக் கிடையாது, நானும்தான். ஆனால் தெருமுனையில் இருக்கிற பில்லர் பாக்ஸ், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதே, அதை அப்படியே உயிரோடு விட்டு வைத்திருந்தால் பால் பாக்கெட் வாங்கப் போனவர் யாராவது திரும்பி வந்திருப்பாரா என்று யோசித்தால் திட்டியது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 5ஆம் தேதி சாயங்காலம் மொட்டைமாடி டேங்க் காலி. யாரோ ஒருவரைப் பிடித்து வாடகைக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். வெளியே மழை, கீழே கார் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். காய்ந்த இடம் என்று பார்த்தால் முதல் மாடிக்குப் போகிற வழியில் படி திரும்புகிற அந்தச் சின்ன மேடை ஒன்றுதான் இருந்தது. அங்கேயே தூக்கி வைத்தோம். வைத்த நாலு பேரில் நானும் ஒருவன், அதனால் இதில் யாரையும் குற்றம் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

7 மணிக்கு ஆரம்பித்து மோட்டார் ஓடியது, டேங்க் நிறைந்தது, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பதினாலு செல்போன் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தது. இன்னொரு வயர் முதல் மாடிப் பாட்டி வீட்டுக்குள் போனது, அவருக்கு வீசிங் மெஷின் வைக்க வேண்டும் என்று. வயர் நசுங்காமல் இருக்கக் கதவைச் சாத்தாமல் ஒரு ரப்பர் செருப்பைச் சொருகி வைத்திருந்தோம். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. அந்தப் பச்சை நிறச் செருப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, ஏனென்றால் புகை உள்ளே போனது அந்த இடுக்கு வழியாகத்தான்.

பாட்டி எட்டரை மணிக்கே தலை வலிக்கிறது என்றார். பசி மயக்கம் என்று நினைத்துச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தோம். அப்புறம் குமட்டுகிறது என்றார், பித்தம் என்றோம். பேத்தி, ஏழு வயசு, கையில் பிஸ்கட்டோடு சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள், குழந்தைதானே, களைப்பு. எனக்கும்தான் மண்டையிடி, இரண்டு நாள் தூக்கம் இல்லாததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து மணி வாக்கில் என் மனைவி உப்புமா எடுத்துக்கொண்டு கீழே போனாள், குழந்தையை எழுப்பிப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டினால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்கிறது, உட்கார வைத்தால் சாய்கிறது. "மொதல்ல அந்தச் சனியன நிறுத்துங்க" என்று அவள் கத்திய கத்தில்தான் யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். பாட்டியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். மழையிலேயே, குடையைப் பிடித்துக்கொண்டு. அரை மணி நேரம் கழித்துக் குழந்தை வாந்தி எடுத்தாள், அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். காலையில் படகில் மெயின் ரோடு வரை போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஓடுச்சாம்மா?"

இதை நம் சங்கக் கூட்டத்தில் அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. பாட்டிக்கு அல்சர் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிக்கொண்டோம். பேசாததன் பலன்தான் இப்போது நோட்டீஸில் அதே மாடிப்படி வந்திருக்கிறது.

அன்றைக்கு நடந்தது என்னவென்று நான் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். பெட்ரோலோ டீசலோ கரியோ விறகோ, எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது. புகை நாற்றம் வந்தால்தானே ஆபத்து என்று நாம் நினைக்கிறோம், நாற்றம் அடிப்பது புகையில் இருக்கிற மற்ற சமாச்சாரங்கள். இது ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, அதனால் மூச்சு நன்றாகத்தான் விட்டுக்கொண்டிருப்போம், உடம்புக்கு ஆக்ஸிஜன் போகாது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அசதி, தூக்கம். பலர் இதைக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்வார்களாம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் வருகிறதே, அது இதேதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பனிப்புயலில் கரண்ட் போய், வீட்டுக்குள் ஜெனரேட்டரும் கரியும் வைத்துக்கொண்டு செத்தவர்கள் பலர். காரை கராஜுக்குள் ஓட விட்டுக் குளிர் காய்ந்தவர்களும் உண்டு.

மூன்றாம் மாடி இன்ஜினியர் சார் இந்நேரம் பதில் யோசித்துக்கொண்டிருப்பார்: பெட்ரோலைவிட டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவு, இது கூண்டுக்குள் வருகிற சைலன்ட் வகை என்று. உண்மைதான் சார், குறைவுதான். ஆனால் கூண்டு சத்தத்தை அடக்கும், புகையை அடக்காது. புகைக்குழாயை எங்கே விடப்போகிறோம் என்று நோட்டீஸில் ஒரு வார்த்தை இல்லை. விசாரித்ததில் பக்கத்துச் சந்துப் பக்கம் திருப்பிவிடலாம் என்று பேச்சாம். அந்தச் சந்தில்தான் முதல் மாடியின் இரண்டு படுக்கையறை ஜன்னல் இருக்கிறது! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது: கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி, வருகிற மீட்டரைக் கட்டிட உயரத்தோடு கூட்ட வேண்டும், புகைக்குழாய் அந்த உயரத்துக்குப் போக வேண்டும். 25க்கு வர்க்கமூலம் 5, அதில் 0.2 என்றால் 1 மீட்டர். அதாவது நம் மொட்டைமாடிக்கும் மேலே ஒரு மீட்டர். அந்தக் குழாய்க்கான செலவு நீங்கள் வாங்கிய கொட்டேஷனில் இல்லை, கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டால் நாலு மாடி ஜனமும் இறங்க இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. அதன் அடியில் டீசல் டேங்க், பக்கத்தில் அடுத்த ரொப்பலுக்கு வாங்கி வைத்த கேன், எதிரே மீட்டர் போர்டு. தீப்பிடிக்க வேண்டாம், சும்மா புகைந்தாலே போதும், படிக்கட்டு புகைபோக்கி மாதிரி மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா?

அந்த 5ஆம் தேதி ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது, பலருக்குத் தெரியாது. வாடகை ஜெனரேட்டரோடு வந்த பையன் ஒரு வயர் வைத்திருந்தான், இரண்டு முனையிலும் ப்ளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, இன்னொரு முனையை வீட்டு ப்ளக் பாயிண்டில் சொருகினால் வீடு முழுக்க லைட் எரியும், வயர் இழுக்கிற வேலையே இல்லை என்றான். கேட்க நன்றாக இருந்தது. மெயினை ஆஃப் செய்யாமல் அப்படிச் செய்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே போகும், தெரு டிரான்ஸ்பார்மருக்குப் போகும். அந்த டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குக் கொடுக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டை ஏற்றினால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். கம்பத்தில் லைன் ஆஃப் என்று நம்பி ஏறியிருக்கிற வயர்மேனுக்கு இது தெரியாது. நாலு நாள் தூங்காமல் நமக்காகத் தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். நல்லவேளை, அன்றைக்கு ரிட்டையர்டு இ.பி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார், வயரைப் பிடுங்கித் தூர எறிந்தார், பையனுக்கு முதுகில் ஒன்றும் வைத்தார். அதனால் சொல்கிறேன், எந்த ஜெனரேட்டர் வாங்கினாலும், இ.பி. கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்று மட்டும் வரும்படி மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். இதைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

அப்புறம் நம் பொது இன்வெர்ட்டர். மீட்டர் ரூமில் தரையோடு ட்ராலியில் இருக்கிறது. அந்த நாலு நாளும் படிக்கட்டு விளக்கு எரிந்ததே, எவ்வளவு ஆறுதலாக இருந்தது! மீட்டர் ரூம் இரண்டு படி உயரம் என்பதால் அங்கே கணுக்கால் தண்ணீர்தான், ட்ராலியின் சக்கரம் முழுகி பேட்டரியின் அடிப்பாகம் நனைந்துகொண்டிருந்தது. கரண்ட்தான் இல்லையே என்று நாம் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே முழங்கால் தண்ணீரில் நடந்தோம், குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். இன்வெர்ட்டரிலிருந்து வருவதும் அதே 230 வோல்ட்தான், இ.பி. நிறுத்தினால் அது நிற்காது. எங்காவது ஒரு வயர் தோல் உரிந்து தண்ணீரில் கிடந்திருந்தால்? நினைக்கவே வேண்டாம். இந்த மழைக்கு முன்னால் அதை முதல் மாடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், காற்றோட்டமான இடமாக, ஏனென்றால் அந்த பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ ஆகாது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுகிற இடமும் அதுதான் நம் வீடுகளில், என்ன செய்ய.

கரண்ட் திரும்பி வந்த காலை இன்னொரு கூத்து. உங்கள் வீட்டில் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது, எங்கள் வீட்டில் பல்பு அகல் விளக்கு மாதிரி எரிந்தது. கீழே நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது. மூன்று ஃபேஸ் வருகிற கட்டிடத்தில் நியூட்ரல் போய்விட்டால் ஒரு வீட்டுக்கு 100 வோல்ட், இன்னொரு வீட்டுக்கு 400க்குப் பக்கம் என்று போகும். இரண்டு டி.வி., ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு வாட்டர் ப்யூரிஃபையர் அன்றைக்குக் காலி. மெயினை ஆஃப் செய்து வைத்திருந்து, ஒரே ஒரு பல்பைப் போட்டுப் பார்த்து, அது சரியாக எரிந்தால் மட்டும் பத்து நிமிஷம் கழித்து மற்றதைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் வீட்டுக் கதை இதைவிட மோசம். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டிருந்தபோது கரண்ட் போனது, மறந்துபோனேன், தண்ணீரை வேறு எடுத்துக் கொட்டியாகிவிட்டது. நாலு நாள் கழித்துக் கரண்ட் வந்தபோது வெறும் ராடு, பிளாஸ்டிக் பக்கெட். நாற்றம் வந்து ஓடினேன். வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மடலை எழுத வீடு இருந்திருக்காது.

மெழுகுவர்த்தியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், இருந்தும் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைப்போம். டார்ச்சுக்கு மாறுங்கள், அவ்வளவுதான். கீழே நிற்கிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்கள் இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவும், பேட்டரி தண்ணீரில் மூழ்கியிருந்தால் காய வைத்துச் சார்ஜ் போடுகிற வேலை வேண்டாம், கம்பெனிக்காரன் பார்த்த பிறகுதான். லிஃப்டில் 4ஆம் தேதி காலையில் அந்தக் காலேஜ் பையன் 40 நிமிஷம் மாட்டிக்கொண்டபோது நாம் கடப்பாரையோடு நின்றோம். கதவை நெம்பி இடையில் இறக்குவதுதான் ஆபத்து, உள்ளே காற்றுக்குப் பஞ்சமில்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டு ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கிற ஏ.ஆர்.டி. நம் லிஃப்டிலும் இருக்கிறது, அதன் பேட்டரியை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று பொருளாளர் தயவுசெய்து பில்லைத் தேடிப் பார்க்கவும்.

சங்கத்திடம் நான் கேட்கிற இன்னொரு காரியம் செலவே இல்லாதது. எந்த வீட்டில் யாருக்கு வீசிங் மெஷின், யாருக்கு ஆக்ஸிஜன் மெஷின், யாருக்கு இன்சுலின் என்று ஒரு தாள். செயலாளரிடம் மட்டும் இருந்தால் போதும், ஊருக்கே தெரிய வேண்டாம். ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் கையை விரித்துவிடும். அந்த வீட்டில் ஒரு சிலிண்டர் கையிருப்பில் இருக்கிறதா என்று மழைக்கு முன்னால் கேட்க ஒருவர் வேண்டும். என் அம்மா இன்சுலின் போடுகிறவர். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதற்குமேல் நம் ஊர் வெக்கையில் நம்ப முடியாது. பிரித்து உபயோகத்தில் இருக்கிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மாதம் வரை அறைச் சூட்டில் தாங்கும் என்று டாக்டர் சொன்னார், பிரிக்காததை மண்பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போட்டுக் காப்பாற்றினோம். ஐஸ் மேல் நேராக வைத்துவிடக் கூடாது, உறைந்துபோனால் குப்பைதான். ஃப்ரிட்ஜில் இருந்த மீன் குழம்பையும் மாவையும் இரண்டாம் நாளே கொட்டிவிட்டோம், மனசு வரவில்லை என்றாலும்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, நாடு முழுக்க உள்ளது 1912. இதை லிஃப்ட் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டலாம், செல்போனில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், இரண்டாம் நாளே டவர் போனது, சார்ஜும் போனது. அறுந்து கிடக்கிற வயரைப் பார்த்தால் செத்த வயர் என்று நினைக்காமல் தள்ளி நின்று அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பழைய எஃப்.எம். ரேடியோவும் அதற்கான பேட்டரியும் சங்க அறையில் கிடக்கட்டும்.

ஜெனரேட்டருக்கு வேறு இடம் எங்கே என்று கேட்பீர்கள். கேட் ஓரம், வடமேற்கு மூலை. இப்போது அங்கே குப்பைத்தொட்டியும் துருப்பிடித்த மூன்று சைக்கிளும் பொருளாளரின் இரண்டாவது காரும் நிற்கின்றன. ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி ஜெனரேட்டர் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டுத் துறை சொல்கிறது, கண்ணால் பார்த்தால் அங்கே அந்த தூரம் வரும் போலிருக்கிறது. 2023 தண்ணீர் நின்ற கறை சுற்றுச்சுவரில் இன்னும் இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் வைக்கலாம். புகைக்குழாயை அங்கிருந்து மேலே கொண்டுபோக எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். முதல் மாடியில் மாட்ட ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் என் செலவிலேயே வாங்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பதரைக்கே டேப்போடு கேட்டருகில் நிற்பேன், ஒரு முனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். பொருளாளர் சார், காரை மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்த வீடு